உள்ளே இருக்கும் மகனுக்கு

அன்பு மகன்,

கதவுக்குக் கீழால் இதைத் தள்ளுகிறேன். கம்பஸிலிருந்து இடையில் திரும்பி வந்த நாள் தொடக்கம் நீ யாரோடும் பேசுகிறாயில்லை.

பின்னேரம் உன் கூட்டாளி சிவதர்சன் வந்திருந்தான். "அங்கிள், எங்கட கூத்துக்கு இவன்தான் மத்தளம். கூத்துப் பழகிற நேரத்தில மட்டுந்தான் சிரிப்பான். நாங்க பழகிற மண்டபத்தைக் கம்பஸில வகுப்புக்கெண்டு எடுத்திட்டாங்க. அதுக்குப் பிறகு விடுதி அறைய விட்டு வெளிய வரவே இல்ல" என்றான்.

கம்பஸ் என்றால் படிப்பும் சோதனையும்தான் என்று நானும் அம்மாவும் இருந்துவிட்டோம். சிவதர்சன் தன் போனில் ஒரு வீடியோ காட்டினான்: மத்தளம் அடித்தபடி நீ வாய்விட்டுச் சிரிக்கிறாய். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தாள்.

மண்டபத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன், மகன்? வாகரையில் வலை இழுக்கிறவனுக்கு அங்கே யாரைத் தெரியும்? அம்மா மாமாங்கக் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள். எனக்கு அதுகூடத் தோன்றவில்லை.

இன்று தொழிலுக்குப் போகவில்லை. கதவோடு சாய்ந்து நிலத்தில் இருக்கிறேன். நீ திறக்க வேண்டாம், பேசவும் வேண்டாம். உள்ளேயிருந்து ஒரு தரம் தட்டிவிடு. அது போதும்.

உன் அப்பா