மன்னிப்புக் கேட்காத மந்திரிக்கு

என் அன்பான நைவோ அண்ணை,

மாரடைப்பு வந்து நீங்கள் போய்ப் பதினொரு நாள். நான் இன்னும் ஓக்லண்டுக்குத் தெற்கே புக்கெகோஹியில் வெங்காயம்தான் தரம் பிரிக்கிறேன். வெங்காயம் ஓடும் பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம், நீங்கள் நின்ற இடத்தில், வேறொருவர் நிற்கிறார். நல்ல மனிதர். ஆனாலும் அவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நியாயமில்லாத கோபம்தான், இருக்கட்டும்.

மடகாஸ்கரில் விவசாய மந்திரியாக இருந்தவர் இங்கே அழுகல் பொறுக்குகிறார் என்று எங்கள் தமிழ் ஆட்களே சிரித்தார்கள். உங்களுக்கு அது உறைக்கவே இல்லை. விவசாயிகளின் நிலத்தை வெளிநாட்டுக் கம்பனிக்கு எழுதிக்கொடுக்க மாட்டேன் என்றீர்கள், பதவி போனது. பிறகு நீங்கள்தான் லஞ்சம் வாங்கினீர்கள் என்று வழக்கு. ஒரு பெட்டியோடு ஓக்லண்ட் வந்து சேர்ந்தீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் திரும்பி வரலாம் என்று அரசாங்கத்தார் இரண்டு தரம் ஆள் விட்டார்கள். என்னிடம் பொறுக்கிய தமிழில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"செய்யாததுக்கு மன்னிப்போ? அதைவிட வெங்காயம் திறம், தங்கச்சி."

நீங்கள் இறந்த மூன்றாம் நாள் அங்கிருந்து ஓர் அதிகாரி போன் எடுத்தார். உங்கள் குடும்பக் கல்லறையில், அப்பாவுக்குப் பக்கத்தில், உங்களை வைக்கலாமாம். உங்கள் மனைவி ஒரு தாளில் உங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் போதுமாம். மூதாதையரோடு சேராமல் கிடப்பது உங்கள் ஆட்களுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியாதா?

ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். கிளென் ஈடனில் உங்கள் வீட்டுக் குசினியில் இருந்து நான்தான் உங்கள் மனைவி நோரோ மச்சாளிடம் சொன்னேன். "போட்டுவிடுங்கோ மச்சாள். அவர் போயிட்டார். ஆளை ஊருக்குக் கொண்டு போங்கோ." இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மச்சாள் அழவில்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"எங்கட ஊரில ஆளை வேற இடத்தில புதைச்சாலும், பிறகு எலும்பை எடுத்து, புதுத் துணி சுத்தி, பாட்டோட குடும்பக் கல்லறைக்குக் கொண்டு போவம். முப்பது வருசம் கழிச்செண்டாலும் செய்வம். இவருக்கு அவசரமில்லை. பதவிக் கதிரையில இருக்கிறவைக்குத்தான் அவசரம்."

அவர்கள் அனுப்பிய தாளில், கையெழுத்துப் போடும் இடத்தில் 'இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

நேற்று உங்களை இங்கேயே அடக்கம் செய்தோம். ஒரே மழை. வேலையிடத்து ஆட்கள் சேற்றுப் பூட்ஸோடு வந்தார்கள். நீங்கள் கடைசியாக இளைப்பாறும் இடம் இது என்று போதகர் சொன்னார். மச்சாள் எல்லோருக்கும் கேட்கும்படி அவரைத் திருத்தினார்: "இல்லை பாஸ்டர், இது தற்காலிகம்."

எத்தனை அரசாங்கம் மாற வேண்டுமோ மாறட்டும், அண்ணை. மச்சாளுக்கு முடியாவிட்டால் நான் இருக்கிறேன். எனக்கும் முடியாவிட்டால் என் மகள் இருக்கிறாள். எல்லாம் சொல்லி வைத்துவிட்டேன், "ஓகே அம்மா, ஐ வில்" என்றாள். ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் உங்களை உங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்போம்.

உடன்பிறக்காத உங்கள் தங்கச்சி,
வாசுகி