நல்ல சதையையும் கொடுத்த அண்ணாச்சிக்கு

என் பிரியமுள்ள சங்கரலிங்கம் அண்ணாச்சி,

அங்கன சௌக்கியமா? அம்பாசமுத்திரத்தில் உங்கள் ஜவுளிக்கடையை இப்போது மதினிதான் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளி வியாபாரம் மோசமில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். உடம்பு தேறிவிட்டது. இதை உங்களிடம் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில், ஒரே வியாதி நமக்கு. குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் நசீமா வந்து, கட்டியில் ஒரு துண்டும் பக்கத்து நல்ல சதையில் ஒரு துண்டும் ஆய்வுக்குத் தருவீர்களா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நான் பயந்துபோய் முடியாது என்றேன். நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்கள்.

"கெட்டதைக் கொண்டு போ. நல்லது எதுக்கும்மா?"

"நாம ஏத்தப்போற மருந்தை உடைச்சுப்போடுற நொதி ஒண்ணு உடம்புல இருக்கு, அண்ணாச்சி. அதை உண்டாக்குற மரபணு கட்டியில எவ்வளவு மும்முரமா வேலை செய்யுது, நல்ல சதையில எவ்வளவு செய்யுதுன்னு பாக்கோம். ரெண்டும் ஒரே ஆளோடதா இருந்தாத்தான் ஒப்பிட முடியும்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "சரிதாம்வே சாமுவேலு. சாயம் போயிருக்கான்னு பாக்கணும்னா, மடிப்புக்குள்ள இருக்கத் துணியையும் விரிச்சுப் பாக்கணும்லா? கையெழுத்தைப் போடும்."

போட்டேன். பிறகு ஒரே மருந்துதான் இருவருக்கும் ஏறியது. எனக்குக் கேட்டது, உங்களுக்குக் கேட்கவில்லை. ஏன் அண்ணாச்சி? நசீமாவிடமும் கேட்டுப் பார்த்தேன். இன்னும் எத்தனையோ பேருடையதைப் பார்க்க வேண்டுமாம். அப்போதும், ஒருத்தர் விஷயத்தில் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதாம்.

போன மாதம் மதினி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தார்கள். "தம்பி, அந்த நல்ல சதையை வெட்டுனாவளே, அதுலதான் அவுக போயிட்டாவளோ?"

நீங்கள் போனதிலிருந்தே இதை மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார்கள். மதினியை வரச்சொல்லி நசீமாவின் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன்.

நசீமா மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இல்லம்மா. கட்டியை எடுக்கும்போது மிச்சம் எதுவும் தங்கிரக் கூடாதுன்னு, சுத்தியிருக்க நல்ல குடலையும் சேத்துத்தான் எப்பவும் எடுப்பாவ. அப்படி வெளிய எடுத்து வச்சதுலருந்துதான் நாங்க ஒரு துளி எடுத்தோம். ஆராய்ச்சிக்குன்னு அண்ணாச்சியைத் தனியா வெட்டவே இல்ல."

மதினி, "அது இன்னும் இருக்கா?" என்றார்கள்.

"எல்லாரோடதும் இந்தப் பெட்டியிலதாம்மா இருக்கு. உறைய வச்சிருக்கோம்."

மதினி பெட்டியின் மூடிமேல் பைய உள்ளங்கையை வைத்தார்கள். "குளிருமே" என்றார்கள்.

நசீமா சிரிக்கவில்லை. மதினிதான், கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் பேச்சை நினைத்துத் தானே சிரித்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ் கொக்கிரகுளம் பாலத்தில் ஏறியதிலிருந்து உங்களைப் பற்றித்தான் பேச்சு. பெண் பார்க்க வந்த இடத்தில் மதினி கட்டியிருந்த சேலை என்ன விலை என்று கேட்டீர்களாமே! இவ்வளவு நாள் அதை என்னிடம் சொல்லவே இல்லையே நீங்கள்.

நசீமாவின் ஆய்வு அச்சில் வரும் அன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன். வரி வரியாகத் தமிழில் மதினிக்குச் சொல்லுவேன். அதில் உங்கள் பெயர் இருக்காது. நான் சொல்லும்போது இருக்கும், அண்ணாச்சி.

உங்கள் பக்கத்துக் கட்டில் தம்பி,
சாமுவேல்