பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்து

அப்பாவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். இது யாத்திரையில் ஒன்பதாம் நாள். ஆள் நடமாட்டமில்லாத வழியில் ஒரு சின்னத் தேவாலயத்தில் தங்கியிருக்கிறேன். யாத்திரிகர்கள் வேண்டுதல் எழுதும் பதிவேட்டைப் புரட்டியபோது தூக்கிவாரிப்போட்டது. கடவுளே இல்லை என்று சாதித்த உங்கள் கையெழுத்து!

"ஆண்டவரே, என் மகளைக் காப்பாற்றும். நீர் இல்லை என்று சொன்னது நான்தான், அவள் இல்லை."

பக்கத்திலேயே எனக்கு அறுவை சிகிச்சை நடந்த நாளின் தேதி. ஆஸ்பத்திரிப் பக்கம் நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றுதானே உங்களோடு பேச்சை விட்டேன்?

தேவாலயத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன்.

"மறக்க முடியுமாம்மா? வெறுங்காலோட நடந்து வந்து கால் ரெண்டும் ரத்தம். 'வீட்ல சொல்லிட்டு வரலையா'ன்னேன். 'சொன்னா மானம் போயிடும்'னாரு."

மேற்கொண்டு நடக்க மாட்டேன். நாளை பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியிலேயே நிற்பேன். படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்