நகராத விரல்

உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகம் என் மடியில் இருக்கிறது. பாலக்காட்டில், முன்னாள் பட்டாளத்துக்காரர்களின் காகிதங்களைப் பார்க்கும் அலுவலகத்தில், சுவரோர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். என் டோக்கன் பத்தொன்பது. உள்ளே பதினான்கு நடக்கிறது. புத்தகத்தை லேசாகத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. நாற்பது வருடமாகியும் போகவில்லை. நம் வண்டியில் அடுப்புக்கு மேலே, தகரப் பெட்டிக்குள்தான் இதை வைத்திருந்தீர்கள்.

கடைசிப் பக்கத்தை நான் திறக்கவில்லை. அதில் சிவப்பு மையில் மூன்று வரி இருக்கிறது. நீங்கள் போனபிறகு, நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியின் குடும்ப பென்சன் மனுவோடு இந்தப் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். முழங்கால் வலியோடு வடகரப்பதியிலிருந்து பஸ் ஏறி வர அக்காவால் முடியவில்லை. மனுவில் கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பினார். அந்த மூன்று வரியைப் பார்த்துவிட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று காலையிலிருந்து பயமாக இருக்கிறது. அந்த வரிகள் இதில் ஏறியது என்னால். உங்களிடம் சொல்லாத ஒன்றையும் இங்கே உட்கார்ந்து எழுதிவிடப் பார்க்கிறேன்.

ஏலத்தில் எடுத்த பழைய பட்டாளத்து ஆம்புலன்ஸ் உங்கள் வண்டி. இருபத்திரண்டு வருடம் ஓட்டுநராக இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவருக்கு அதன் ஒவ்வொரு ஆணியும் தெரியும். அடிபட்டவர்களைக் கிடத்தும் இரண்டு ஸ்ட்ரெச்சர்களையும் கழற்றாமல் கட்டிலாக வைத்துக்கொண்டீர்கள். பக்கவாட்டில் இருந்த செஞ்சிலுவைக்கு மேலே பச்சை அடித்தீர்கள். காய்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மழையில் நனைந்தால் சிலுவை மங்கலாக மேலே வரும். அம்மை ஊசி போட வந்துவிட்டார்கள் என்று வழியில் எத்தனையோ ஊர்களில் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

நெடுஞ்சாலைகளை ஒட்டி, அந்தக் காலத்தில் பட்டாளம் நடந்து போகையில் தங்குவதற்கென்று விட்ட முகாம் மைதானங்கள் நாடு முழுக்க இருந்தன. டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டினால் உங்களைப் போன்றவர்கள் உள்ளே வண்டியை நிறுத்தித் தங்கலாம். குழாய் உண்டு, காவல் உண்டு. ஆனால் கூட வருபவர் குடும்பத்தாராக இருக்க வேண்டும். நான் கோயம்புத்தூர்ப் பத்திரிகை ஒன்றின் நிருபர், இருபத்தேழு வயது. உங்களோடு நாடு சுற்றிவந்து தொடர் எழுத ஆசைப்பட்டேன்.

நீங்களும் நானும் காடை கூட்டம், ஒரே குலம். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. அந்த முறையில் நீங்கள் எனக்கு அண்ணன், பங்காளி. ஆனால் தம்பி என்று சொல்ல வழியில்லை. புத்தகத்தில் உங்கள் அப்பாவின் பெயரும், நீங்கள் ஒரே மகன் என்பதும் எழுதியிருந்தது. மனைவி வீட்டாரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"பொண்டாட்டிக்குத் தம்பி, மாப்ளன்னு எழுதிக்கலாம். வடக்கத்தியானுக்குக் காடையும் தெரியாது, ஆந்தையும் தெரியாது" என்றீர்கள்.

வழியனுப்ப வந்த அக்கா பருப்புப்பொடி டப்பாவை வண்டிக்குள் வைத்துக்கொண்டே சிரித்தார். "கூடப்பொறந்தவன் இல்லையேன்னு இருந்துச்சுங்க. ரிஜிஸ்தர்லயாச்சும் ஒருத்தன் கெடச்சானே."

எனக்கு நீங்கள் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "கேட்டுக்குள்ள போயிட்டா பேனாவத் தொடாத. வெளிய வந்தப்பறம் ஞாபகத்துல இருந்து எழுதிக்க. ஞாபகம் இல்லாதத எழுதாத."

போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பல வண்டிகளின் முகப்பு விளக்குகளில் குண்டுவீச்சுக்குப் பயந்து பூசிய பாதிக் கறுப்பு இன்னும் அழியவில்லை. ஒற்றன் என்ற சொல் டீக்கடையில்கூடக் காதில் விழும். பெல்காம், செகந்திராபாத், ஜான்சி என்று ஒவ்வொரு கேட்டிலும் காவலரின் பேனா 'உறவு' என்ற கட்டத்துக்கு வரும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன். நீங்கள் "சாலா" என்பீர்கள். மைத்துனனுக்கு இந்தியில் அதுதான் சொல், வசவும் அதுதான். காவலர் சிரித்துக்கொண்டே எழுதுவார். மறுபடி கேட்டை விட்டு வெளியே வரும்வரை எனக்குப் பயம்தான். நாலு மாதத்தில் ஒரு கேட்டிலும் நம்மைச் சந்தேகப்படவில்லை.

பதினாறு கூப்பிட்டாயிற்று.

திரும்பி வரும்போது உடுமலையிலிருந்து நேரே ஊருக்குப் போயிருக்கலாம். "வண்டி மூணாறு ஏறுதான்னு பாத்துட்டுப் போயிரலாம் மாப்ள" என்றீர்கள். மறையூர் தாண்டி, சாலையோரப் புல்வெளியில் ஒரு பட்டாள முகாம் போட்டிருந்தார்கள். நாம் நுழைந்தபோது மதியம் மூன்று மணி. மூடுபனி கூடாரங்களுக்கிடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அங்கே இருந்த சுபேதார் தாராபுரத்துப் பக்கத்துக்காரர். நம் பேச்சைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஏனுங்க, நம்மூருங்களா? இப்படி ஒரு பேச்சக் கேட்டு ரெண்டு வருசமாச்சுங்க. எறங்குங்க, டீ குடிக்கலாம்." நாலு மாதத்தில் முதல்முறையாக ஒரு முகாமில் எனக்குப் பயம் விட்டது. அந்த நிம்மதியில்தான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். நீங்கள் அவரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

நான் திரும்பி வந்ததும் அவரே ஒரு டம்ளரை நீட்டினார். "மாப்ள, நீங்க எந்தக் கூட்டமுங்க?"

"காடைங்க."

அப்பா பெயரைக் கேட்டால் சொல்வதுபோல வந்துவிட்டது. சொல்லி முடித்தபிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் முன்னால் அதே கேள்வியை அவர் உங்களிடம் கேட்டிருந்தார்.

சுபேதார் டம்ளரைக் கீழே வைத்தார். "மச்சானும் காடை, மாப்ளயும் காடை. அதெப்படிங்க?" என்றார். குரல் உயரவில்லை. பிறகு இந்தியில் ஒரு சிப்பாயைக் கூப்பிட்டார். வண்டிச் சாவி, உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகம், என் காமிரா, என் நோட்டு எல்லாம் போயின. அதிகாரி மூணாறு போயிருப்பதாகவும் ஐந்து மணிக்கு வருவார் என்றும் சொன்னார்கள். நாடு முழுக்கச் செல்லுபடியான பொய், ஊரை நெருங்கும்போது நம் பேச்சைப் பேசிய ஒருவரிடம் செல்லுபடியாகவில்லை.

வண்டிக்குள் எதிரெதிர் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருந்தோம். வெளியே துப்பாக்கியோடு சிப்பாய். மழை பிடித்துக்கொண்டது. அவன் நம் வண்டியின் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சிலுவை மேலே வந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸை மறைத்து ஓட்டுகிறார்கள் என்று இன்னொரு குற்றம் சேருமோ என்று நினைத்தேன்.

"அந்தப் புத்தகத்த எடுத்துக்கிட்டாங்கன்னா நான் யாருன்னே நான் சொல்ல முடியாது. பென்சன் போச்சு. அவ என்ன பண்ணுவா" என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள். "நோட்டுல இங்க வந்து ஒண்ணும் எழுதலயே?"

"இல்லீங்க மச்சான்."

எழுதியிருந்தேன், அண்ணா. குழாயடியில், குடம் நிறைவதற்குள். 'லாரி பதினொன்று. பாலம் ஒற்றை வழி. எண்ணெய் டிரம்கள் சமையல் கொட்டகைக்குப் பின்னால்.' யாருக்கும் கொடுப்பதற்காக இல்லை. எதைப் பார்த்தாலும் எண்ணி எழுதுவது கையோடு வந்த பழக்கம். ஆனால் அதை எழுதியது சுருக்கெழுத்தில். கொக்கியும் கோடும் புள்ளியுமாக இருக்கும் அந்தப் பக்கத்தைத் தெரியாதவர் யார் பார்த்தாலும் ஒற்றனின் குறிப்பு என்றுதான் நினைப்பார்கள். படிக்கத் தெரிந்தவர் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார். அந்த இரண்டு மணி நேரமும் நான் கைகளைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தேன். குளிர் என்று நினைத்து உங்கள் கம்பளியை எடுத்துப் போர்த்தினீர்கள்.

அதிகாரி இளைஞர். தமிழ் தெரியாது. சுபேதார்தான் மொழிபெயர்த்தார். உறவு பொய் என்பதை நீங்கள் உடனே ஒப்புக்கொண்டீர்கள். பிறகு அவர் நோட்டைத் திறந்தார். அந்தக் கொக்கிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நோட்டை என் பக்கம் திருப்பிக் கடைசியாக எழுதிய பக்கத்தைத் தட்டினார். படி என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நீங்கள் விறைப்பாக நின்றபடியே சுபேதாரிடம் சொன்னீர்கள். "சார்கிட்டச் சொல்லுங்க. இவன் கேட்டுக்குள்ள வந்து ஒரு எழுத்து எழுதியிருந்தாலும் என் பென்சன நிறுத்திக்கட்டும்."

நான் முதல் வரியில் விரலை வைத்தேன். படித்தேன். "மறையூர் தாண்டியதும் புல்தைலம் காய்ச்சும் வாசனை. மலையில் மழை வரும்போல இருக்கிறது. காலையில் மச்சான் உப்புமாவைத் தீயவிட்டார். நான் குறை சொல்லவில்லை, வண்டி அவருடையது."

சுபேதார் மொழிபெயர்த்தார். அதிகாரி சிரித்துவிட்டார். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, உங்கள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டார். பென்சனைத் தொடவில்லை. இனி எந்த முகாமிலும் தங்கக்கூடாது.

சாவியைத் தரும்போது சுபேதார் சொன்னார்: "பொய் சொல்றதுன்னா கூட்டம் பாத்துச் சொல்லோணுமுங்க."

அன்றே மலை இறங்கினோம். மறுநாள் காலை கோவிந்தாபுரம் செக்போஸ்டில் காவலர் என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டார். நீங்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரிஞ்ச ஆளுங்க, பத்திரிகைக்காரர்" என்றீர்கள். இனிப் பொய் வேண்டாம் என்ற எச்சரிக்கை என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

நான் தொடரை எழுதவில்லை. வண்டி உங்கள் தோட்டத்தில் கிணற்றோரம் நின்றது. சில வருடம் கழித்து மோட்டார் ஸ்டார்ட்டரையும் உர மூட்டைகளையும் அதற்குள் வைத்தீர்கள். நான் வந்தால் சாப்பிடாமல் விட்டதில்லை. தம்பி என்றுதான் கூப்பிட்டீர்கள். மாப்ள என்று அப்புறம் ஒருமுறைகூட இல்லை.

போன மாதம் உங்களை எடுக்கும் நேரத்தில், அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை யார் போடுவது என்ற பேச்சு வந்தது. அக்கா என்னைக் காட்டினார். பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். "பங்காளி எப்படிங்க கோடி போடறது?"

"நாப்பது வருசத்துக்கு முன்னாலயே பட்டாளத்து ரிஜிஸ்தர்ல எழுதியாச்சுங்க" என்றார் அக்கா. சேலையை நான்தான் அவர் தோளில் போட்டேன்.

எல்லாரும் போனபிறகு புத்தகத்தை என்னிடம் தந்து, மெதுவாகச் சொன்னார். "நோட்டப் படிக்கறப்ப தம்பி வெரலு மொத வரியத் தாண்டி நவுரவே இல்லையாமா. மலைய உட்டு எறங்கி வீட்டுக்கு வந்த அன்னைக்கே சொன்னாரு."

அவரே தொடர்ந்தார். "ஏன் அந்தத் தம்பிகிட்டக் கேக்கலைன்னேன். கேட்டா மறுக்காவும் பொய் சொல்லோணும், அது எதுக்கு அவனுக்குன்னாரு."

அந்த அறையில் அதிகாரி என் முகத்தைப் பார்த்தார். சுபேதார் என் வாயைப் பார்த்தார். நீங்கள் விரலைப் பார்த்தீர்கள். பென்சன் மேல் ஆணையிட்டுவிட்டு, அது காற்றில் தொங்குவதைப் பார்த்தபடி விறைப்பாக நின்றிருந்தீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கு இருந்த பயத்தை நான் இந்த ஒரு மாதமாகத்தான் கணக்கிட்டுப் பார்க்கிறேன்.

பத்தொன்பது என்கிறார்கள்.

மீதியை எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேசையில் இருந்தது ஓர் இளம்பெண். பக்கம் பக்கமாகப் புரட்டிக் கடைசிக்கு வந்து நின்றார். சிவப்பு மையைக் காட்டி, இது என்ன என்று மலையாளத்தில் கேட்டார். "இதெந்தா சாரே, சுவந்ந மஷியில்?" மை மங்கி, கையெழுத்தும் கிறுக்கலாக இருந்ததால் அவருக்குப் புரியவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார்.

மறுபடியும் நான் எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். அக்காவின் மனு அவர் கையருகே இருந்தது. கொண்டுவருபவரின் உறவு என்ற இடத்தில் அக்கா சகோதரன் என்று எழுதியிருந்தார்.

விரலை வைத்தேன். ஒவ்வொரு சொல்லாக நகர்த்திக்கொண்டே போனேன். 'உறவினர் அல்லாத ஒருவரை மைத்துனர் என்று பொய் சொல்லி முகாமுக்குள் அழைத்து வந்தார். எச்சரிக்கப்பட்டார். இனி எந்த முகாமிலும் அனுமதி இல்லை.'

"ஆ ஆளு ஆரா?" அந்த ஆள் யார் என்று கேட்டார்.

"ஞான் தன்னே." நானேதான் என்றேன்.

அவர் மனுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்போ இதோ?" மனுவில் சகோதரன் என்று இருப்பது எப்படி என்று கேட்கிறார்.

அன்றைக்கு உறவில்லை, இப்போது உண்டு என்றேன். என் மலையாளத்தில் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. அவர் புத்தகத்தை மூடினார். அந்த மூன்று வரிக்கும் குடும்ப பென்சனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லி முத்திரை குத்தினார்.

புத்தகத்தைப் பையில் வைத்திருக்கிறேன். சாயங்கால பஸ்ஸில் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டீ ஆறிவிட்டது. அன்றைக்கு என் விரல் முதல் வரியோடு நின்றுவிட்டது. ஆனால் இன்றைக்கு அது கடைசி வரிவரைக்கும் போனது, மச்சான்.