எங்கும் ஒழுகவில்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் தங்கச்சியும் நலம், அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் நலம். முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாக மூச்சு விட்டு மீதியைப் படி. போன பிரசவத்தில் பிள்ளை தங்கவில்லை என்பதை நான்தான் போனில் சொன்னேன். அதிலிருந்து வீட்டிலிருந்து போன் வந்தாலே நீ எடுப்பதில்லை. அதனால்தான் ஸ்பேனர் பிடிக்கிற கையில் பேனா. எழுத்துப்பிழைக்குச் சிரிக்காதே.

நேற்று துணி மடித்துக்கொண்டிருந்தவள், எழுந்ததும் தலைசுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ப்ரஷர் முன்னைவிட இறங்கியிருக்கிறது என்றாள் நர்ஸ். நம்ம குழாய்த் தொழிலில் ப்ரஷர் இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எங்க லீக்குன்னு சீக்கிரம் பாருங்கம்மா என்று டாக்டரம்மாவிடம் கத்தியே விட்டேன். வரிசையில் இருந்த பிள்ளைத்தாச்சிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உன் பெண்டாட்டியோ, இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒண்ணும் ஒழுகலைங்க, ரத்தக்குழாயெல்லாம் தளர்ந்து கொடுக்குது, இந்த மாசத்துல கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்றார் டாக்டரம்மா. உடம்பில் ரத்தமும் கூடுகிறதாம், அதற்கு இடம் வேண்டுமே. கர்ப்பப்பைக்குள் போகிற பொடிக்குழாய்கள் பிள்ளைக்காகப் பல மடங்கு விரிந்துகொள்ளுமாம். போன முறை அவை சரியாக விரியாமல்தான் ப்ரஷர் ஏறி, பிள்ளை தங்காமல் போயிருக்க வேண்டும் என்றார். அவள் படியேறியதாலும் இல்லை மாப்பிள்ளை, நீ பக்கத்தில் இல்லாததாலும் இல்லை.

இந்த முறை ஸ்கேனில் அந்த ரத்தம் ஓடுகிற சத்தத்தையே கேட்க வைத்தார்கள். புஸ்ஸு புஸ்ஸென்று, தாராளமாக. தண்ணீர் ஓடுகிற லைனை நிறுத்தாமல், ஒரு சுவரை உடைக்காமல், குழாயை அகலமாக்க எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் சோபாவில் படுத்தபடியே முடித்துவிட்டாள்.

ப்ரஷரைத் தவறாமல் பார்க்க வேண்டும், மெதுவாக எழ வேண்டும், அவ்வளவுதான். அவள் எழும்போதெல்லாம் மகாராணி வருகிறார் என்று நான் கூவுகிறேன். தலையணை பறந்து வருகிறது. குறி தப்புவதில்லை. தெம்பாக இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவோம். நான் பேசமாட்டேன், அவள்தான் பேசுவாள். நீ எடுக்காதபோதெல்லாம், அவர் வேலை பாக்குற இடத்துல டவர் கிடைக்காதுண்ணே என்று எனக்கே சமாதானம் சொல்கிறாள்.

மூன்று பேரும் நல்லா இருங்க. எடு மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உன் மச்சான்,
குழாய்க்காரன்