துண்டுக்குள் பேசிய விலை

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் துண்டில் கடிகார எண்ணெய் வாசனை போகவில்லை. இன்று காலை உன் மனைவி அதை பீரோவிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் வைத்தபோதே மூக்கில் ஏறியது. பக்கத்தில் உன் ஸ்விஸ் மேசைக் கடிகாரம். எதிரே சென்னை வியாபாரி. ஒரு லட்சம் என்று சொல்லிவிட்டு, காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவர்கள் நாம். துண்டைப் போட்டு, மற்றவர் கண்ணில் படாமல் உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்லியே முன்னுக்கு வந்தோம். காசு சேர்ந்ததும் நீ அரிசி மண்டி வைத்தாய், நான் வெல்ல மண்டி. அப்புறம்தான் இருவருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது: பெரிய கம்பெனிக்காரன் செய்த, சாவி கொடுத்து ஓடும் பழைய மேசைக் கடிகாரங்கள். கல்வராயன் மலை பங்களாவில் இதை வாங்கியபோது, சொந்தக்காரரின் கையையும் துண்டுக்குள் இழுத்தாய். மனிதர் நெளிந்தார். "மாடு இன்னா, மணி இன்னா சார், கையைக் குடுங்க" என்றாய்.

அன்றிலிருந்து அதை உன்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். "நான் போனப்புறம் வாங்கிக்கடா" என்று சிரிப்பாய்.

இன்று பையில் இரண்டு லட்சத்தோடு போனேன். சென்னைக்காரன் சொன்னதற்கு இரட்டிப்பு. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது மூன்று பெறும். அந்த அறையில் அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று என்னால் முடியாது; சீசன் நேரம், பணமெல்லாம் வெல்லத்தில் கிடக்கிறது.

உன் மனைவி, எனக்குத் தங்கச்சி முறை, துண்டை விரித்துக் கையை உள்ளே விட்டாள். "அண்ணே, வூட்டைப் பூட்டிக்கினு பொண்ணுகிட்ட போறேன். இனிமே இதான் என் கைமுதலு. நெசமா எவ்ளோ பெறும், விரல்ல சொல்லுங்க. ஒரு விரலு ஒரு லட்சம்."

இத்தனை வருஷத்தில் அவள் கை என் மேல் பட்டதில்லை.

"இது என்னங்க, மேஜிக்கா?" என்றான் சென்னைக்காரன்.

"மாட்டு யாவாரம் சார். சும்மா இருங்க" என்றேன்.

இரண்டு விரலைப் பிடித்தேன். இரண்டிலேயே நின்றுவிட்டேன். அவன் என் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். தங்கச்சி கையை இழுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. அவ்வளவுதானா என்று கேட்பதுபோல மீதி விரல்கள் அசைந்தன.

மூன்றாவதையும் சேர்த்துப் பிடித்தேன்.

"மூணு," என்றாள் அவனிடம். பேரத்தை இழுத்துப் பார்த்தான், எழுந்து வாசல்வரை போனான், திரும்பி வந்தான். அவள் இறங்கவில்லை. கொடுத்தான், கடிகாரத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அப்புறம்தான் அவளுக்குத் தோன்றியது. "நீங்களும் அத்த கேட்டுக்கினு இருந்தீங்களாமே அண்ணே?"

"இருக்கறதுக்கே சாவி குடுக்க நேரமில்லம்மா எனக்கு" என்றேன்.

பொய்தான். உன்னிடம் மறைத்து என்ன, வயிறு எரிகிறது. ஆனால் தரகுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் விரலைப் பிடித்திருக்கிறேன். விலை சொன்னதும் வெடுக்கென்று உருவிக்கொள்ளும் கைகள்தான் எல்லாம். இன்று ஒரு கை உருவிக்கொள்ளாமல் என் கையை ஒருமுறை இறுக்கிவிட்டுத்தான் வெளியே வந்தது.