சத்தமாகப் படித்த பலகை

ஜூலை 4
'மருந்துக் கடை' என்ற பலகையை இன்று எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். அறுபத்தொன்பது வயதில்! கற்றுக்கொடுத்தவள் என் பேத்தி குருவி, கல்லூரியில் படிக்கிறாள். இந்த நோட்டில் எழுதிப் பழகச் சொன்னதும் அவள்தான். பக்கத்தில்தான் நின்றாள். சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அவளுக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

ஜூலை 9
கல்லூரியில் மனநல ஆலோசகர் அம்மா ஒருத்தி இருக்கிறாளாம். வாராவாரம் போய்ப் பேசுகிறாளாம் குருவி. இன்றுதான் சொன்னாள்.
"என்னம்மா பேசுறே?"
"சும்மா, தாத்தா."
எனக்குச் சும்மா. அந்த அம்மாவுக்கு ஒரு மணி நேரம்! தோளில் போட்டு வளர்த்தவன் நான். மனசு திறப்பது நேற்று வந்தவளிடமா? வயிறு எரிகிறது.

ஜூலை 16
துணைக்குப் போனேன். "யார் கேட்டாலும் நூலகத்துக்குன்னு சொல்லுங்க. தெரிஞ்சா பைத்தியம்னு பேர் வச்சிடுவாங்க" என்றாள்.
கதவில் பலகை. எழுத்தைக் கண்டால் என் வாய் சும்மா இருக்குமா? "ம... ன... நல... ஆலோசகர்!" தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அங்கே நின்ற பிள்ளைகள் திரும்பினார்கள். "ஏய், உனக்கு மரை கழண்டுடுச்சா?" என்று குருவியைக் கேட்டான் ஒரு சுருட்டைமுடிக்காரன். குருவி கதவைத் தொடாமலே திரும்பி நடந்தாள்.

ஜூலை 17
வாய் தவறித்தான் படித்தேனா? இல்லை, அந்தக் கதவு மூடிக்கொள்ளட்டும் என்று எனக்குள்ளே ஒருத்தன் காத்திருந்தானா? அடப் பாவி.

ஜூலை 21
"இனிமே அங்க போகல" என்றாள்.
"என்கிட்ட சொல்லேன், கண்ணு."
"சொன்னா நீங்க அழுவீங்க. அப்புறம் நான்தான் உங்களைத் தேத்தணும். அவங்க அழமாட்டாங்க."
இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன் – அதற்குள் அழுதுவிட்டேன்.

ஜூலை 23
நானே வற்புறுத்திக் கூட்டிப்போனேன். அதே கும்பல். "எனக்குத்தான்பா பார்க்கணும். கிழவனுக்கு மரை லூஸு" என்றேன். சிரித்தார்கள். குருவி என் கையை விட்டாள்.
"பொய் சொல்லாதீங்க தாத்தா. எனக்குத்தான்" என்றாள், அவர்களைப் பார்த்து.
சிரிப்பு நின்றது. அவள் உள்ளே போனாள்.
நான் கொத்தனார். முக்கால் அடிச் சுவர், காதை வைத்தாலும் ஒன்றும் கேட்காது என்று எனக்குத் தெரியும். வைத்துப் பார்த்தேன்.

ஜூலை 30
குருவி உள்ளே. நான் வெளியே பெஞ்சில். சுருட்டைமுடிக்காரன் தனியாக வந்தான். கொஞ்சம் நின்றான், போனான், திரும்பி வந்தான்.
"உள்ள ரொம்ப நேரமாகுமா, தாத்தா?"
"ஆகும். என் பேத்தி அவங்ககிட்ட நிறையப் பேசுவா." சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது.
நகர்ந்து இடம் விட்டேன். உட்கார்ந்தான். பலகையை இன்று மனசுக்குள்ளேயே படித்தேன்.